அமெரிக்க மூக்கு

என் மனைவியின் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே மூக்கு. நெற்றியிலிருந்து நேராக இறங்கி, நடுவழியில் கொஞ்சம் யோசித்து, பிறகு நுனியில் கீழே வளைகிற மூக்கு. அதற்கு அவர்கள் வீட்டில் ஒரு பெயரும் உண்டு: அமெரிக்க மூக்கு.

காரணம் எங்கள் வரவேற்பறைச் சுவரில் தொங்கியது. கையகலப் படம். தலையில் வெள்ளைத் தொப்பி கட்டிய ஒரு வெள்ளைக்காரி மடியில் கை வைத்து உட்கார்ந்திருப்பாள். பெயர் அல்மீரா. நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய அமெரிக்கப் பெண். கிறிஸ்தவ மிசனோடு யாழ்ப்பாணம் வந்து ஒரு தமிழரைக் கட்டினவள் என்றும், அவள் வழியில் வந்தவர்கள்தான் தாங்கள் என்றும் என் மனைவி கிளடிஸ் நம்பினாள். அவளுடைய அண்ணன் பேனாட் நம்பியதோடு நில்லாமல் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். படத்தைப் பார்த்து மூக்கைச் சரிபார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. முகத்தின் நடுவில், சரியாக மூக்கு இருக்கவேண்டிய இடத்தைப் பூஞ்சணம் தின்றுவிட்டது.

அந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு தலைமுறையிலும் மூத்த பெண்ணுக்கு அல்மீரா என்ற பெயரைச் சேர்த்தாகவேண்டும். என் மனைவி கிளடிஸ் அல்மீரா. எங்கள் மகள் ஸ்டெபனி அல்மீரா. நான் வட்டுக்கோட்டைச் சைவக்காரன், பெயர் இராஜரட்ணம், அந்தப் பெயரில் யாரும் படமாகத் தொங்கவில்லை. கலியாணமான புதிதில் முழுப்பெயரைக் கேட்டதும், "அப்ப சீதனமா ஒரு அலுமாரியும் வருதெண்டு சொல்லுங்கோ" என்றேன். கிளடிஸ் ஒரு நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. அதற்காக நான் நிறுத்தினேனா என்றால், இல்லை. முப்பது வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் அந்தப் பகிடி ஓடிக்கொண்டே இருந்தது.

பேனாட்டின் பெருமை தாங்கமுடியாதது. இங்கே கனடாவில், மார்க்கம் என்ற நகரில் அவர் வீடு விற்கிற ஏஜென்ட். டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்துக்கு முன்னால் உள்ள பஸ் தரிப்பிட வாங்கில், முதுகு சாய்கிற இடத்தில் அவருடைய படம் ஒட்டியிருக்கிறது. தூரத்தில் வரும்போதே முதலில் மூக்குத் தெரியும், பிறகுதான் தொலைபேசி இலக்கம். அவருக்கு உறைப்பு ஒத்துவராது. அது அமெரிக்க இரத்தம். குளிரில் ஜக்கெற்றைப் பூட்டாமல் நிற்பார். அதுவும் அமெரிக்க இரத்தம். வைபவங்களுக்குப் பிந்தி வரும்போது மட்டும் யாழ்ப்பாணத்தான்.

இந்த வசந்தத்தில் ஸ்டெபனிக்கு ஆறாம் மாதம். பெண்பிள்ளை என்று ஸ்கானில் சொல்லிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒஷாவாவிலிருந்து வந்து, கிளடிஸ் சுட்ட றோல்ஸை இரண்டு கையிலும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே விசயத்தைப் போட்டு உடைத்தாள்.

"அம்மா, அல்மீரா எண்டு நான் வைக்கமாட்டன்."

கிளடிசின் கை சட்டியிலேயே நின்றுவிட்டது. "ஏன் பிள்ளை?"

"அது கொலோனியல் பேர். ஆர் எண்டே தெரியாத ஒரு வெள்ளைக்காரியின்ர பேரை என்ர பிள்ளை ஏன் காவவேணும்? அவ எங்க பிறந்தவ? ஆரைக் கட்டினவ? வை டிட் ஷி ஈவன் கம்? உங்களுக்கு ஒண்டும் தெரியாது. ஆரெண்டு தெரிஞ்சா சொல்லுங்கோ, அப்ப வைக்கிறதைப் பற்றி யோசிக்கிறன்."

கிளடிசின் தாய் விட்டுப்போனது இரண்டே இரண்டு, அந்தப் படமும் அந்தப் பெயரும்தான். தொண்ணூற்றைந்தில் போர் துரத்த எல்லோரும் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு நடந்தபோது, என் மாமியார் அரிசிப் பையை இறக்கி வைத்துவிட்டு இந்தப் படத்தைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு நடந்தவர். அந்தப் பெயர் தன்னுடைய மகளோடு முடிந்துபோகப் போகிறது என்று கிளடிசுக்கு விளங்கியது. மகள் போனபிறகு அடுப்பங்கரையில் வெகுநேரம் தட்டுகளைக் கழுவிக்கொண்டு நின்றாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

"நான் தேடித் தாறன்," என்றேன். "அவ ஆர், எந்த ஊராள் எல்லாம் கண்டுபிடிச்சுத் தாறன்."

"நீங்களோ?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

உண்மையைச் சொன்னால், பாதி அவளுக்காக. மீதிப் பாதி அந்த வாங்கில் இருக்கிற மூக்கைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை. வேலையிலிருந்து ஓய்வெடுத்து வீட்டில் இருந்து இருந்து எனக்கும் விசர் பிடிக்கிற நிலைதான்.

பேனாட் கேள்விப்பட்டதும் துள்ளிக் குதித்தார். தானே ஒரு மரபணுச் சோதனைக்கு இரண்டு பெட்டி வரவழைத்தார். அண்ணனும் தங்கையும் எங்கள் சாப்பாட்டு மேசையில் பக்திசிரத்தையாக உட்கார்ந்து குழாய்க்குள் எச்சில் துப்பினார்கள்.

"மச்சான், இருந்து பாரும். எட்டு வீதமாவது வெள்ளைக்கார இரத்தம் வரும்," என்றார் பேனாட்.

சில கிழமையில் முடிவு வந்தது. இரண்டு பேருக்கும் தென்னிந்தியா, இலங்கை. ஐரோப்பா என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இல்லை. ஒரு வீதம், அரை வீதம், ஒரு துளி, எதுவும் இல்லை.

"கொம்பனியில போத்திலை மாத்திப்போட்டாங்கள்," என்றார் பேனாட் தொலைபேசியில்.

"ரெண்டு பேற்ற போத்திலையுமோ?"

"உவங்களை நம்பேலாது மச்சான்."

நான் அன்றைக்கு எழும்பி ஆடியிருக்கவேண்டும். ஆனால் கிளடிஸ் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள். ஒரு துவாயில் சுற்றி, படுக்கையறைக்குக் கொண்டுபோய், சேலைகளுக்கு அடியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அலுமாரிக்குள் அல்மீரா. முப்பது வருடம் காத்திருந்த பகிடி வாய்வரைக்கும் வந்தது. நான் அதை விழுங்கிவிட்டேன்.

"அம்மா பொய் சொல்லுற ஆளில்லை," என்றாள், என்னிடம் இல்லை, சுவரில் தெரிந்த வெள்ளைச் சதுரத்திடம். "அப்ப உவ ஆர்? நாங்கள் ஏன் உவவைக் காவிக்கொண்டு திரிஞ்சனாங்கள்?"

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. பேனாட்டில் இல்லை, அந்த வெள்ளைக்காரியில். கிளடிஸ் கடைக்குப் போன நேரம் துவாயை அவிழ்த்து, படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, யன்னல் வெளிச்சத்தில் வைத்து, "ஆரடி நீ?" என்று நேராகவே கேட்டேன். அவள் பதில் சொன்னாள் என்றுதான் சொல்லவேண்டும். சட்டம் மறைத்திருந்த அடிப்பகுதியில், படம் எடுத்த கடையின் பெயரும் ஊரின் பெயரும் அச்சாகியிருந்தன. வெர்மொண்ட் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர்.

எதற்கெடுத்தாலும் முகநூல் பக்கம் வைத்திருக்கிற காலம் இது. அந்த ஊருக்கும் ஒன்று இருந்தது. காணாமல்போன நாய்க்கும் விற்பனைக்கு வந்த டிராக்டருக்கும் நடுவில் நான் அல்மீராவைப் போட்டேன். "அல்மீரா என்ற இந்த அம்மா யாழ்ப்பாணம் வந்தவர், இவருடைய குடும்பத்தாரைத் தேடுகிறோம்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் எழுதினேன். அடுத்தநாள் காலை பதில் கிடந்தது.

"இது என் பெரியத்தை அல்மீரா. அவள் எங்கேயும் போகவில்லை. தயவுசெய்து சொல்லுங்கள், அவளுடைய மகளுக்கு என்ன ஆனது?"

எழுதியவள் பெயர் நான்சி விட்கம். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவள், அல்மீரா வாழ்ந்த அதே பண்ணை வீட்டில் இன்னும் இருக்கிறவள். தொலைபேசியில் மூச்சுவிடாமல் கதைத்தாள். அல்மீரா நான்சியின் பாட்டனுக்குப் பாட்டனுடைய தங்கை. கலியாணம் செய்யவில்லை. தமையன் வீட்டில் ஒரு அறையில் இருந்து வைக்கோல் தொப்பி பின்னி விற்றவள். மாவட்ட எல்லையைக் கூடத் தாண்டியதில்லை. ஆனால் சாகும்வரை கேட்டவருக்கெல்லாம் ஒன்று சொல்லியிருக்கிறாள்: "எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், சிலோனில்."

கலியாணமாகாத பெண்ணுக்கு மகள். குடும்பம் அதை மூடி வைத்துவிட்டது. பிள்ளைகளுக்கு முன்னால் அவள் பெயரை எடுக்கமாட்டார்களாம். தகப்பன் ஒரு கப்பல்காரன் என்று ஒரு கதை, ஊர் ஊராகப் போகும் பிரசங்கி என்று இன்னொரு கதை. நான்சி சின்ன வயதிலிருந்தே அந்த மகளைத் தேடுகிறாளாம்.

"நான் வருகிறேன்," என்றாள். "சனிக்கிழமை."

விசயத்தைச் சொன்னதும் கிளடிசுக்குக் கைகால் ஓடவில்லை. "ஏனப்பா கூப்பிட்டனீங்கள்? சோதனையில ஒண்டுமில்லை எண்டு வந்திட்டுதே. அந்த மனுசிக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்று கத்தினாள். கத்திக்கொண்டே திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்த்தாள். வெள்ளைக்காரிக்கு உறைப்பில்லாமல் என்ன சமைப்பது என்று பேனாட்டைக் கேட்டாள். உறைப்பில்லாச் சாப்பாட்டில் அவர்தானே நிபுணர். படத்தை வெளியே எடுத்துப் பழைய ஆணியில் மாட்டினாள்.

சனிக்கிழமை மத்தியானம் பேனாட் கோட்டும் சூட்டுமாக வந்தார். ஸ்டெபனி வயிற்றுக்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். கதவைத் திறந்தால், நெடிய உருவம், நரைத்த கட்டை மயிர், றப்பர் சப்பாத்து, கையில் ஒரு தகர டின். மேப்பிள் பாணி. மேப்பிள் மரத்துப் பாகு ஆறாய் ஓடுகிற கனடாவுக்கே மேப்பிள் பாணி கொண்டுவந்த மனுசியை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். அந்த நிமிடமே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

நான்சி உள்ளே வந்து சுவரில் இருந்த படத்துக்கு முன்னால் நின்றாள். பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாக, அதில் அல்மீரா எங்கே இருக்கிறாள் என்று தேடுகிறவள் போலப் பார்த்தாள். பேனாட் உதவி செய்ய நினைத்துத் தன் மூக்குத் தெரியும்படி பக்கவாட்டில் திரும்பி நின்றார். நான்சிக்கு இருந்ததோ சட்டைப் பொத்தான் அளவு மூக்கு. கொஞ்சநேரத்தில் அவர் தானாகவே நேரே திரும்பிக்கொண்டார்.

புட்டும் சம்பலும் உறைப்புக் குறைத்த கோழிக்கறியும் மேசைக்கு வந்தன. நான்சி புட்டை ஒரு வாய் வைத்துப் பார்த்தாள், கண்ணை மூடினாள், தகர டின்னைத் திறந்து மேப்பிள் பாணியைப் புட்டுக்கு மேல் ஊற்றினாள். கிளடிஸ் "ஐயோ" என்று நெஞ்சில் கை வைத்தாள். பிறகு, சீனி போட்டுத் தின்கிறோம்தானே என்று நினைத்தாளோ என்னவோ, தானும் கொஞ்சம் ஊற்றிச் சாப்பிட்டாள். மூன்றாவது தரம் ஊற்றியது கிளடிஸ்தான்.

இப்படிச் சந்தோசமாகச் சாப்பிடுகிற மனுசியிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. சோதனை முடிவைச் சொன்னேன். இரத்தச் சொந்தம் இல்லை, ஒரு துளியும் இல்லை என்றேன்.

நான்சி கரண்டியை வைத்தாள். "அப்படியென்றால் அந்த மகள்?"

கிளடிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். நான்சி தனக்குத்தானே சொல்வதுபோல, "அவளுக்கு வேறு ஒன்றுமே இருக்கவில்லை," என்றாள். "தொப்பி விற்ற காசைக்கூட அவள் தனக்கென்று வைத்ததில்லை. மிசனுக்குக் கொடுத்துவிடுவாளாம். யாரோ ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் என்று."

"ஒரு பிள்ளையோ?" என்று நான் பாதி எழும்பிவிட்டேன்.

எங்கள் ஊரில் நேத்தனியேல் பரியாரி என்று ஒரு நாட்டு வைத்தியர் இருந்தார். கரிக்கட்டிக் கறுப்பு, வாயில் எப்போதும் வெற்றிலை. அவருடைய பரம்பரைக்கு நேத்தனியேல் என்ற பெயர் எப்படி வந்தது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்து அமெரிக்க மிசன் விடுதிகளில், ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவில் யார் பொறுப்பெடுக்கிறாரோ, அவருடைய பெயரைப் பிள்ளைக்கு வைப்பது வழக்கம். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த கதை. தெரிந்துகொண்டும் முப்பது வருடமாக ஒரு படத்துக்கு முன்னால் இருந்து அலுமாரிப் பகிடி விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். என் மூளையின் அழகு அப்படி.

விளக்கினேன். உடுவிலில் மிசன் நடத்திய பெண்கள் விடுதியில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்திருக்கிறாள். அவளுக்கு வெர்மொண்டில் ஒரு அல்மீரா செலவு கொடுத்திருக்கிறாள். அந்தப் பிள்ளையும் அல்மீரா ஆகிவிட்டாள். இவர்கள் அவளுடைய வழி. சுவரில் இருப்பது பூட்டி இல்லை, பூட்டியைப் படிப்பித்தவள்.

"அப்ப நாங்கள் தமிழரோ?" என்றார் பேனாட் மெல்லிய குரலில்.

"வடிகட்டின தமிழர்," என்றேன்.

ஸ்டெபனி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அம்மா, இது இன்னும் மோசம். ஒரு சின்னப்பிள்ளையின்ர பேரைப் பறிச்சுப்போட்டு, காசு குடுத்த ஆளின்ர பேரை ஒட்டியிருக்கினம். தே டுக் ஹெர் நேம். அவவின்ர சொந்தப் பேர் என்னெண்டு ஆருக்காவது தெரியுமோ?"

தெரியாது. அவள் கேட்டது நியாயம். கிளடிஸ் என்னைப் பார்த்தாள். நான் தேடித் தருகிறேன் என்று சொல்லித் தேடித் தந்துவிட்டேன். அதோடு அந்தப் பெயரின் கதையும் முடிந்தது என்றே நினைத்தேன்.

நான்சிக்கு எங்கள் தமிழ் விளங்கவில்லை, முகங்கள் விளங்கியிருக்கவேண்டும். அவசரமாகத் தன் பையைத் துழாவினாள். "இதைக் காட்டுவதா வேண்டாமா என்று யோசித்தேன்," என்றாள். "அல்மீராவின் கட்டிலுக்கு மேலே ஒரு ஆணியில் தொங்கியது. யாரோ மிசனரி கொண்டுவந்து கொடுத்த படம் என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் அந்த ஆணியிலிருந்து கழற்ற யாருக்கும் மனம் வந்ததில்லை."

துணியை விரித்தாள். நாற்காலியில் ஒரு தமிழ்ப் பெண். நீளக்கைச் சட்டை, சேலை, மடியில் ஒரு கைக்குழந்தை. படத்தில் ஒரு பொட்டுப் பூஞ்சணம் இல்லை. நெற்றியிலிருந்து நேராக இறங்கி, நடுவழியில் கொஞ்சம் யோசித்து, நுனியில் கீழே வளைகிற மூக்கு.

நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேனாட்டைப் பார்த்தோம். அவருடைய கை தானாக மூக்குக்குப் போனது.

"கடவுளே," என்றேன், "பஸ் தரிப்பிட வாங்கு!"

முதலில் சிரித்தது ஸ்டெபனி. பிறகு பேனாட்டே சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான்சியைப் பக்கத்து யன்னலுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கீழே வாங்கைக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கிளடிஸ் மட்டும் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அழுதுகொண்டே அந்தப் பெண்ணின் கன்னத்தை விரலால் தொட்டாள். "என்ர அம்மா," என்றாள். "அச்சு அசல் என்ர அம்மா."

ஸ்டெபனி படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பினாள். "அப்பா, பின்னால தமிழ் இருக்கு."

"அது தமிழா?" என்றாள் நான்சி. "பூ வேலை என்று நினைத்தோம்."

மங்கிய மையில் சின்னச் சின்ன எழுத்து. அந்தக் காலத்து வழக்கப்படி புள்ளிகள் இல்லை. நானே புள்ளி வைத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன்.

"அம்மா, இவள் உங்கள் பேத்தி. பெயர் அல்மீரா. நானே வைத்தேன். வள்ளியம்மை."

வள்ளியம்மை என்பது எழுதியவளின் சொந்தப் பெயர் என்றும் சேர்த்து நான்சிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். "இதை அவளால் வாசித்திருக்கவே முடியாதே," என்றாள். "ஆனால் எல்லோரிடமும் சொன்னாளே. எனக்கு மகள் இருக்கிறாள் என்று சொன்னாளே."

"விடுதியில படிச்சவதானே, இங்கிலிஷ் தெரிஞ்சிருக்கும்," என்றாள் ஸ்டெபனி. "பிறகேன் தமிழில எழுதினவ?"

"தாயோட கதைக்கேக்க வேற பாசை வருமோ?" என்றாள் கிளடிஸ்.

ஸ்டெபனி படத்தை மறுபடி கையில் எடுத்தாள். "நானே வைத்தேன்" என்ற இடத்தில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டித் தானே ஒருமுறை வாசித்தாள். பிறகு "வள்ளியம்மை" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

"உங்கள் குடும்பத்தில் எத்தனை அல்மீராக்கள்?" என்று நான்சி கேட்டாள். கிளடிஸ் விரல் மடித்தாள். வள்ளியம்மை, மடியில் இருக்கிற குழந்தை, அதன் மகள், அவளுடைய மகள், கிளடிசின் தாய், கிளடிஸ், ஸ்டெபனி. ஏழு.

"எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை," என்றாள் நான்சி. "வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டார்கள்."

கிளடிசின் கை ஏழாவது விரலோடு நின்றது. ஸ்டெபனி எட்டிப் பிடித்து, தாயின் எட்டாவது விரலையும் மடித்து, அந்தக் கையை அப்படியே தன் வயிற்றில் வைத்தாள்.

"எட்டு," என்றாள். "ஆனா வள்ளியம்மையும் வரும். ரெண்டு பேரும் வரவேணும்."

கிளடிஸ் போட்ட சத்தத்தில் பக்கத்து அப்பார்ட்மெண்ட்காரர் வந்து கதவைத் தட்டினார். அவருக்கும் புட்டும் மேப்பிள் பாணியும் கொடுத்து அனுப்பினோம்.

நான்சி வள்ளியம்மையை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். "அவள் தன் பிள்ளைகளோடு இருக்கட்டும்," என்றாள். வெள்ளைக்கார அல்மீராவைக் கொண்டுபோகச் சொன்னதற்கு, "அவளும் தன் பிள்ளைகளோடுதானே இருக்கிறாள்," என்று சொல்லிவிட்டாள். இப்போது எங்கள் சுவரில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்.

ஆவணியில் அல்மீரா வள்ளியம்மை பிறந்தாள். ஆஸ்பத்திரியில் பேனாட் குனிந்து பார்த்து, "அமெ..." என்று தொடங்கி, என்னை ஒரு பார்வை பார்த்து, "எங்கட மூக்கு," என்று முடித்தார். நான் அவருக்குக் கை கொடுத்தேன்.

வெர்மொண்டில் ஒரு ஆணி வெறுமையாக இருக்கிறது என்பது ஸ்டெபனிக்கு நினைவிருந்தது. தான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருக்கிற படம் ஒன்றைக் கடதாசியில் அச்செடுத்தாள். அதன் பின்னால் தானே தமிழில் எழுதினாள். உதவி செய்யப் போன என்னைத் தள்ளி இருக்கச் சொன்னாள். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதி முடித்தபோது, பாதிப் புள்ளிகளை மறந்துவிட்டாள். நான் திருத்தவில்லை.

படம் கிடைத்ததும் நான்சி தொலைபேசி எடுத்தாள். அதே ஆணியில் மாட்டிவிட்டாளாம். பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள்.

"போனமுறை வள்ளியம்மை எழுதினதுதான்," என்றாள் ஸ்டெபனி.